இடையில் சிங்கப்பூர்: காத்திருக்கும் நேரத்தில் ஊருக்குள் போய் வரலாமா?

வாசகர் கேள்வி – பதில்

மதுரையிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு விமானம் இருப்பதால், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கித்தான் அடுத்த விமானம் ஏறுகிறார்கள். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தை என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

மகள் மெல்பர்னில் இருக்கிறாள். எனக்கு 62, அவருக்கு 67. சிங்கப்பூரில் காலை 7 மணிக்கு இறங்கி மாலை 4 மணிக்கு அடுத்த விமானம். ஒரே டிக்கெட். ஒன்பது மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமா, வெளியே போய் வரலாமா? சிங்கப்பூர் விசா எடுக்கவில்லை.
– வாசகி, அனுப்பானடி, மதுரை

போய் வரலாம் அம்மா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா அவசியம்தான். ஆனால் வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறவர்களுக்கு 96 மணி நேர விசா இல்லாச் சலுகை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஒரு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் வேண்டும். ஆஸ்திரேலிய விசா இருப்பதால் நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். கடைசி முடிவு குடியேற்ற அதிகாரி கையில்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, மின்னஞ்சலில்தான் வரும். அந்தக் கடிதத்தை அச்செடுத்து இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் போனில் இருக்கிறது என்றால் மதுரை கவுண்டரிலேயே தடுமாற்றம் வரும்.

அடுத்தது எஸ்.ஜி. அரைவல் கார்டு என்ற வருகைப் படிவம். சிங்கப்பூர் குடியேற்றத் துறையின் தளத்தில், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். அதில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்கட்டும். அங்கே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி அந்த முகவரிக்குத்தான் வரும்.

இனி நேரக் கணக்கு. ஒன்பது மணி நேரம் என்பது டிக்கெட்டில் இருப்பது. கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். விமானம் 7 மணிக்குத் தரை தொட்டால், கதவு திறந்து, நீண்ட வழி நடந்து, குடியேற்ற வரிசை தாண்டி வெளியே வர எட்டேகால் ஆகும். ரயிலில் ஊருக்குள் சேர இன்னும் 50 நிமிடம். ஆக 9.05. மாலை 4 மணி விமானத்துக்கு ஒன்றரை மணிக்கு விமான நிலையத்தில் இருந்துவிட வேண்டும். உள்ளே மறுபடியும் குடியேற்றம், கேட்டில் பாதுகாப்புச் சோதனை எல்லாம் இருக்கிறது. அதற்கு ஊரிலிருந்து 12.30க்குக் கிளம்ப வேண்டும். கையில் நிற்பது சுமார் மூன்றரை மணி நேரம். அதில் ஓர் இடத்தை நிதானமாகப் பார்க்கலாம், இரண்டை வேகமாகப் பார்க்கலாம். மூன்றாவது இடம் என்று யாராவது சொன்னால் அவரையே போய்வரச் சொல்லுங்கள்.

உங்கள் வயதுக்கு எங்கள் யோசனை: சாங்கியே நடத்தும் இலவசச் சுற்றுலா. அடுத்த விமானத்துக்கு ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்கிற பயணிகளுக்கானது. பஸ்ஸில் கூட்டிப்போய் இரண்டரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முன்பதிவு இணையத்திலேயே உண்டு. இதற்கும் மேலே சொன்ன விசாத் தகுதி வேண்டும். பதிவு செய்தவர்கள் இறங்கியதும் தாங்களாகவே குடியேற்றம் தாண்டி வெளியே போய்விடக் கூடாது. டிரான்சிட் பகுதியில், அதாவது குடியேற்றம் தாண்டும் முன் விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் பகுதியில், இருக்கும் சுற்றுலா மேசைக்குத்தான் முதலில் போக வேண்டும். நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சக்கர நாற்காலி கேட்டிருந்தால் ஒன்று: ஊழியர் உங்களை அடுத்த கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார், ஊருக்குள் வரமாட்டார். வெளியே போகும் எண்ணம் இருந்தால் விமானத்திலிருந்து இறங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கோலாலம்பூர் போக மதுரை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–கோலாலம்பூர் வேறு கம்பெனியில் ஒரு டிக்கெட் என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்றார். இடையில் ஆறு மணி நேரம். பெட்டி இரண்டு. ஊர் சுற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், மேலூர்

ஊர் சுற்றுவது இருக்கட்டும், முதலில் மதுரையில் விமானம் ஏற விடுவார்களா என்று பார்க்க வேண்டும். இந்த இதழில் வந்த கடிதங்களில் அவசரமானது உங்களுடையதுதான்.

இரண்டு டிக்கெட்டும் தனித்தனி பி.என்.ஆர். என்றால், இரண்டு கம்பெனிக்கும் இடையில் ஏற்பாடு எதுவும் இல்லை என்றால், உங்கள் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அதை எடுக்க நீங்கள் குடியேற்றம் தாண்டிப் பெல்ட்டுக்குப் போக வேண்டும். அப்படியானால் நீங்கள் டிரான்சிட் பயணி இல்லை; சிங்கப்பூருக்குள் நுழைகிறவர். விசா வேண்டும். மலேசியா செல்லும் அனுமதி முந்தைய பதிலில் சொன்ன எட்டு நாட்டுப் பட்டியலில் சேராது. வளைகுடா ரெசிடென்ஸ் விசாவும் சேராது. அமெரிக்க விசாவோ ஆஸ்திரேலிய விசாவோ வேறு காரணத்துக்காக உங்களிடம் இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் செக்-இன் கவுண்டரில் 'சிங்கப்பூர் விசா எங்கே?' என்பதுதான் முதல் கேள்வி. ஆவணம் இல்லாமல் ஒருவரை ஏற்றிப்போனால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமானக் கம்பெனியின் தலையில் விழும் என்பதால் கவுண்டரில் இரக்கம் எதிர்பார்க்க முடியாது.

வழிகள் மூன்று. முதலாவது, சிங்கப்பூர் விசா எடுப்பது. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியின் கட்டணம். பயணத்துக்கு இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். குடும்பத்தில் நாலு பேர் என்றால் ஏஜென்ட் சொன்ன மிச்சம் இதிலேயே கரைந்துவிடும். இரண்டாவது, பெட்டியே இல்லாமல் கைப்பையோடு போவது. அடுத்த விமானத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் செக்-இன் செய்து போர்டிங் பாஸ் கையில் வைத்திருந்தால் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மாறிவிடலாம். ஆனால் எல்லாக் கம்பெனியும் சர்வதேசப் பயணத்துக்கு இணைய போர்டிங் பாஸ் தருவதில்லை. ஆவணத்தை நேரில் பார்த்த பிறகுதான் கொடுப்போம் என்பவர்களும் உண்டு. டிக்கெட் போட்ட கம்பெனியிடமே கேட்டு உறுதி செய்யாமல் இதை நம்பாதீர்கள். மூன்றாவது, இந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஒரே பி.என்.ஆரில் மறுபடி போடுவது. மதுரையில் தோதாக இல்லாவிட்டால் திருச்சியிலிருந்து பாருங்கள். மேலூரிலிருந்து திருச்சி நாலுவழிச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கே நேர் விமானம் இருக்கும்போது சிங்கப்பூரில் இறங்கி ஏறுவது எதற்கு என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு பள்ளமும் உண்டு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், இரண்டாவது கம்பெனி உங்களை வராதவர் என்றுதான் எழுதிக்கொள்ளும். ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் பொறுப்பு.

பெட்டி எதுவரை போகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி: மதுரை கவுண்டரில் பெட்டிக் கைப்பிடியில் சுற்றும் நீளமான காகித டேக்கைப் பாருங்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். எஸ்.ஐ.என். என்று மட்டும் இருந்தால் சிங்கப்பூரில் நீங்கள்தான் எடுக்க வேண்டும். கே.யு.எல். என்று இருந்தால் கோலாலம்பூர், எம்.இ.எல். என்றால் மெல்பர்ன். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சின்னத் துண்டிலும் அதே குறியீடுதான். பெட்டி பெல்ட்டில் நகரும் முன் பார்த்தால் திருத்தலாம், பிறகு முடியாது.

நாலரை மணி நேரம்தான் இருக்கிறது. கூட 8 வயதுப் பையன். வெளியே போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். சாங்கியில் இருக்கிற அந்த அருவியை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறான்.
– வாசகி, திருமங்கலம்

நல்ல முடிவு. அருவி இருக்கும் ஜுவல் கட்டடம் குடியேற்றத்துக்கு வெளியே, முதல் டெர்மினலை ஒட்டி இருக்கிறது. 2019இல் திறந்தார்கள். அருவி 40 மீட்டர், அதாவது 131 அடி. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி என்பதால், கோபுரத்தின் முக்கால் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுவதாகப் பையனுக்குச் சொல்லிவையுங்கள்.

வெளியே போகாமலே அதைப் பார்க்கவும் வழி இருக்கிறது. டெர்மினல்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் என்ற இலவசச் சிறு ரயில் ஜுவலுக்குள் புகுந்து அருவிக்குப் பக்கமாகப் போகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே, டிரான்சிட் பகுதியிலிருந்தே ஏறலாம். அருவி தெரியும் பக்கத்து ஜன்னலைப் பிடியுங்கள். காட்சி சில விநாடிதான். திரும்ப ஒரு முறை போய் வாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். அதிகாலையில் தண்ணீர் விழாது. முற்பகல் 10, 11 மணிக்குப் பிறகு போனால்தான் அருவி. அதற்கு முன் வெறும் கண்ணாடிக் குழிதான்.

மிச்ச நேரத்துக்கு மூன்றாம் டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம், முதலாவதில் கள்ளிச்செடித் தோட்டம். இரண்டும் இலவசம். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கு வெளிச்சமான நேரத்தில் போங்கள். இருட்டிய பிறகு பூச்சிகள் இலைக்கடியில் ஒடுங்கிவிடும். திறந்த இடம் என்பதால் நம்மூர்ப் புழுக்கத்தை விடப் புழுக்கமாக இருக்கும். பையனுக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களில் கைப்பைச் சோதனை கேட் வாசலில்தான். ஆகவே தண்ணீர் பாட்டிலைக் கேட்டுக்குள் நுழையும் முன் காலி செய்ய வேண்டும். சோதனை தாண்டி உள்ளே உட்காரும் கூடத்தில் பல இடங்களில் கழிப்பறை இல்லை. வெளியே வந்தால் மறுபடி சோதனை. குழந்தையைப் போக வைத்துவிட்டு நுழையுங்கள். உங்கள் அடுத்த விமானம் நான்காம் டெர்மினல் என்றால் ஸ்கைட்ரெயின் அங்கே போகாது, பஸ்தான். அதற்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

சிங்கப்பூரில் எட்டு மணி நேரம். பிரிட்டன் விசா இருக்கிறது. எங்கள் பக்கத்து நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலையும் லிட்டில் இந்தியாவையும் பார்க்க வேண்டும். ரயிலில் எப்படிப் போவது?
– வாசகர், காரைக்குடி

டாங்க் ரோட்டில் இருக்கும் அந்தக் கோயில் 1859இல் எழுந்தது. அங்கே 'செட்டியார் கோயில்' என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பி இங்கேதான் வந்து சேரும்.

ரயில் வழியைக் கவனமாகப் படியுங்கள், இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாங்கி விமான நிலைய ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் டெர்மினல்களுக்குக் கீழே. அதில் ஏறினால் முதல் நிறுத்தம் எக்ஸ்போ, அடுத்தது தானா மேரா. எக்ஸ்போவில் நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறினால், இறங்காமல் அப்படியே ஃபோர்ட் கேனிங் நிலையம் வரை போகலாம். கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம். மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

இதே நீலப் பாதையில்தான் லிட்டில் இந்தியா நிலையமும் இருக்கிறது. அதனால் விமான நிலையத்திலிருந்து நேரே லிட்டில் இந்தியா போகிறவர்களும் எக்ஸ்போவில் மாறி நீல வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பாதை ஊரின் நடுவே ஒரு சுருக்குப் போல வளைகிறது. ஜலான் பெசார் வரைக்கும் வந்து, லிட்டில் இந்தியாவை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் விட்டுவிட்டு, ஃபோர்ட் கேனிங், சைனாடவுன், பேஃபிரண்ட் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்ப வரும். லிட்டில் இந்தியா மட்டும் போகிறவர்கள் தானா மேராவில் பச்சைப் பாதைக்கு மாறி, பூகிஸில் இறங்கி, நீல வண்டியில் இரண்டே நிறுத்தம் போவது நல்லது. அல்லது ஜலான் பெசாரில் இறங்கி நடந்துவிடலாம்.

உங்களுக்கு இரண்டும் வேண்டும் என்பதால் முதலில் எக்ஸ்போ வழியாக ஃபோர்ட் கேனிங். தரிசனம் முடித்து டோபி காட் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடை. அங்கே ஊதா நிற வடகிழக்குப் பாதையில் ஒரே நிறுத்தம், லிட்டில் இந்தியா. ஃபோர்ட் கேனிங்கிலிருந்து நீலப் பாதையிலேயே சுற்றிப் போனால் எட்டு நிறுத்தம். திரும்பும்போது லிட்டில் இந்தியா – பூகிஸ் – பாசிர் ரிஸ் பக்கம் போகும் பச்சை ரயிலில் தானா மேரா – விமான நிலையம்.

கோயில்கள் நம்மூர் போலவே மதியம் நடை சாத்தி மாலையில் திறக்கும். பகல் 12க்கும் மாலை 5க்கும் இடையில்தான் உங்களுக்கு நேரம் என்றால் வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். காலையில் போனால் சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். நிலையத்தை ஒட்டித் தேக்கா சென்டர் இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். சைவம் மட்டும் என்றால் சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ், 1947இல் தொடங்கியது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தோசை இறங்காது, பெருக்காமல் சாப்பிடுங்கள். காபிக்கு மட்டும் ஒரு பாடம். வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டியான டின் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் 'கோசோங்' என்ற சொல்லை மறக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். பாட்டில் வாங்கத் தேவையில்லை.

ஞாயிறு மாலை என்றால் லிட்டில் இந்தியாவில் சித்திரைத் திருவிழாக் கூட்டம். தெரு கடக்கவே நேரம் ஆகும், அதையும் கணக்கில் சேருங்கள். முஸ்தபா கடைக்குள் 'பத்து நிமிடம்' என்று நுழைகிறவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருகிறார்கள். எட்டு மணி நேரப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

டாலர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்? கார்டு வேலை செய்யுமா?
– வாசகர், வில்லாபுரம், மதுரை

அரை நாளுக்கு ஆளுக்கு 30 வெள்ளி போதும். அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தட்டினால் வேலை செய்யும் விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு போதும். ஏறும்போது தட்டிய அதே கார்டை இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஒரு கார்டுக்கு ஓர் ஆள்தான். கணவர் தட்டிவிட்டு மனைவிக்கும் அதையே தட்டினால் கதவு திறக்காது. ரூபே கார்டை இதற்கு நம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் கார்டு வேலை செய்யவில்லை என்று வரும் புகாரில் பாதிக்குக் காரணம் ஊரிலேயே இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கி ஆப்பில் 'இன்டர்நேஷனல்' என்பதையும், அதன் கீழ் 'கான்டாக்ட்லெஸ்' என்பதையும் நாமே திறக்க வேண்டும். கிளம்பும் முன் மதுரையிலேயே செய்யுங்கள். அங்கே போன பிறகு, ரோமிங் இல்லாத போனுக்கு ஓ.டி.பி. வராது.

டாக்ஸி ஊருக்குள் 25 முதல் 40 வெள்ளி ஆகலாம், அரை மணி நேரம். நாலு பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டால் டாக்ஸி கிடைப்பது கஷ்டம், அப்போது ரயில்தான்.

போனில் மணி பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. டிக்கெட்டில் அச்சடித்திருப்பது அந்தந்த ஊர் நேரம். ரோமிங் இல்லாத போன் சில சமயம் இந்திய நேரத்திலேயே நிற்கும். போனில் மணி ஒன்றரை என்று நீங்கள் நிதானமாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே மாலை 4 மணி ஆகி விமானம் கிளம்பியிருக்கும். இறங்கியதும் விமான நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரவு 11 மணிக்கு இறங்கி மறுநாள் காலை 7 மணிக்கு அடுத்த விமானம். இரவு சிங்கப்பூர் பார்க்க அழகாக இருக்கும் என்கிறார்களே?
– வாசகர், உசிலம்பட்டி

அழகுதான், உங்களுக்கு அமையாது. நீங்கள் வெளியே வரும் நேரத்தில் விமான நிலைய ரயில் நின்றுவிடும். மறுபடி தொடங்குவது காலை ஐந்தரை மணி வாக்கில். மெரினா பேயில் மரம் போன்ற பெரிய கோபுரங்களில் நடக்கும் இலவச ஒளிக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும்தான். டிரான்சிட் பகுதியிலேயே தூங்குங்கள். படுக்கும் நாற்காலிகள் போட்ட இலவச ஓய்வுக்கூடங்கள் இருக்கின்றன, நள்ளிரவுக்கு முன் போனால் இடம் கிடைக்கும். ஏ.சி. குளிர் பொல்லாதது, ஒரு போர்வையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் வைத்தால் அது போய்ச் சேரும் ஊரில்தான் கிடைக்கும். காசு கொடுக்கத் தயார் என்றால் டிரான்சிட் ஹோட்டல் அறையை 6 மணி நேரக் கணக்கில் எடுக்கலாம், குடியேற்றம் தாண்ட வேண்டியதில்லை. முன்பதிவு இல்லாமல் போனால் அறை இருக்காது.

பாட்டியும் எங்களோடு வருகிறார். வெற்றிலைப் பெட்டி இல்லாமல் இருக்கமாட்டார். எடுத்துப் போகலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

பெட்டிக்குள் புகையிலை இருந்தால் கூடாது. மெல்லும் புகையிலை, ஜர்தா, குட்கா எல்லாமே சிங்கப்பூரில் தடை, வைத்திருப்பதே குற்றம். வெளியே போகிற எண்ணம் இருந்தால் சுருக்குப்பையின் மடிப்பு வரைக்கும் பார்த்து எடுத்துவிடுங்கள். பாட்டிகளுக்கு ஒளித்து வைக்கத் தெரியும். இ-சிகரெட்டும் தடை. சாதாரண சிகரெட்டுக்கு வரிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும். சூயிங் கம் 1992இலிருந்து தடை. கசகசா வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சி வேண்டாம். உப்புக்கண்டமும் அதில் சேர்த்திதான்.

கைப்பையில் ஊறுகாய், நல்லெண்ணெய், புளிக்காய்ச்சல் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் இருந்தால் கேட்டில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனையில் ஊறுகாயும் திரவம்தான். அவற்றைப் பெரிய பெட்டியில் வைத்து, ஆஸ்திரேலியா போகிறீர்கள் என்றால் அங்கே இறங்கும் அட்டையில் 'உணவு' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டுக் காட்டினால் மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் அபராதம்.

எங்களுக்கு இடையில் வருவது சிங்கப்பூர் இல்லை, கொழும்பு. ஏழு மணி நேரம்.
– வாசகர், விருதுநகர்

கொழும்பு விமான நிலையம் கொழும்பில் இல்லை, 30 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கட்டுநாயக்கவில் இருக்கிறது. விரைவுச்சாலை 2013இல் வந்த பிறகு அந்தத் தூரம் பெரிதில்லை. ஊருக்குள் நுழையும் நெரிசல்தான் நேரத்தைத் தின்னும். ஏழு மணி நேரத்துக்கு நாங்கள் சொல்வது நீர்கொழும்பு. நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் வாக்கில். காலை என்றால் கடற்கரையில் மீன் ஏலம், மணலில் விரித்த பாய்களில் கருவாடு காய்வது, டச்சுக்காரர் கோட்டையின் மிச்சம், மீன் சாப்பாடு. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ் பேசினாலே போதும். ஆட்டோவில் ஏறும் முன், போக, நிற்க, திரும்ப என்று மொத்தத் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

வெளியே வர ஈ.டி.ஏ. என்ற முன்அனுமதி இணையத்தில் வாங்க வேண்டும். அதில் இரண்டு நாள் வரையிலான டிரான்சிட் என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள், சுற்றுலா என்பதை அல்ல. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று என்பதால் கடிகாரத்தைத் தொட வேண்டாம். மாற்றிய இலங்கை ரூபாயை அங்கேயே செலவழித்துவிடுங்கள், விருதுநகரில் அதை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.